கேதார்காந்தா உச்சியில் சூரியோதயம்: நான் மட்டும்தான் ஏமாந்தேனா?

மேட்டுப்பாளையத்தான் | ஜனவரி 5, இரவு 9.40

டிசம்பர் கடைசி வாரம் உத்தரகண்டில் இருக்கும் கேதார்காந்தா பனிமலைக்குப் போய்த் திரும்பினேன். வீட்டுக்கு வந்து ஆறு நாளாகிறது, வலது கால் பெருவிரல் இன்னும் பாதி மரத்துத்தான் கிடக்கிறது. பயணக் கட்டுரை எழுதும் எண்ணம் இல்லை, ஒரு சந்தேகம் கேட்கத்தான் வந்தேன். ஆனால் நடந்ததைச் சொன்னால்தான் சந்தேகம் புரியும்.

டேராடூனிலிருந்து சாங்க்ரி கிராமம் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். ஒரு பகல் முழுவதும் ஜீப்பில் குலுங்கிப் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் ஜூடா கா தாலாப் என்ற ஏரிக்கரை, அதற்கு மறுநாள் 11,000 அடிக்கு மேல் இருக்கும் அடிவார முகாம். அன்று இரவு இரண்டரை மணிக்கு விசில் ஊதி எழுப்பினார்கள். பூட்ஸ் உறைந்து கல்லாகிவிட்டது, அதற்குள் காலை நுழைக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. வெளியே வந்து பார்த்தால் மலைமேல் நெற்றி விளக்குகள் வரிசையாக ஊர்கின்றன. மகரஜோதிக்குப் போகிற கூட்டம் தோற்றுவிடும். முன்னால் போனவரின் குதிகாலைத் தவிர நாலு மணி நேரம் நான் வேறு எதையும் பார்க்கவில்லை. எப்போது கேட்டாலும் வழிகாட்டிப் பையன் "இன்னும் ஐந்தே நிமிடம்" என்றான்.

உச்சி 12,500 அடி. அங்கே கல் அடுக்கிய சிறு மேடையும் சிவனுக்கு ஒரு திரிசூலமும் இருக்கின்றன. திரிசூலத்தோடு படம் எடுக்க ஒரு வரிசை, அந்த வரிசையில் இரண்டு சண்டை. ஏழே காலுக்குச் சூரியன் எட்டிப் பார்த்ததும் எல்லோரும் கத்தினார்கள். நானும் கத்தினேன். சுவர்க்காரோகிணி, பந்தர்பூஞ்ச், காலாநாக் என்று வழியெல்லாம் பெயர் சொல்லிக்கொண்டே வந்த சிகரங்கள் எதிரே நின்றன, கரியால் கோடு இழுத்தது போலக் கன்னங்கறேலென்று. பின்னால் வெளிச்சம், முகமெல்லாம் இருட்டு. எடுத்த படங்களை வீட்டில் காட்டினேன். "இதைத்தான் தினமும் மாலையில் மொட்டை மாடியிலிருந்து நீலகிரிப் பக்கம் பார்க்கிறோமே" என்றாள் மனைவி.

இப்போது முந்தைய நாள் மாலைக்கு வருகிறேன். எங்கள் முகாம் மலையின் வடக்குச் சரிவில் இருந்தது. நாலு மணிக்கே வெயில் போய்விட்டது, சுற்றிலும் எல்லாம் நீலச் சாம்பல். ஐந்தே காலுக்குக் கழிப்பறைக் கூடாரத்துக்குப் போகிற வழியில், மரங்கள் விலகியிருந்த ஓரிடத்தில் தற்செயலாகக் கிழக்கே பார்த்தேன். தூரத்துச் சிகரங்கள் மட்டும் தணலாக இருந்தன. முதலில் குங்குமப்பூ போட்ட பாலின் நிறம், பிறகு கொல்லன் உலையிலிருந்து எடுத்த இரும்பின் நிறம். அடியிலிருந்து நிழல் மெல்ல ஏறியது. கடைசியில் ஊசிமுனை அளவு சிவப்பு மிஞ்சி, அதுவும் அணைந்தது. எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம் இருக்கலாம். முகாமில் இருந்த நாற்பது பேரும் அப்போது சூப்புக்கு வரிசையில் நின்றார்கள். என் கைபேசி கூடாரத்துக்குள் கிடந்தது. கையில் தண்ணீர் பாட்டிலோடு நான் மட்டும் நின்றேன்.

கேள்வி இதுதான்: அப்படியானால் அந்த இருட்டு ஏற்றம் எதற்கு? மாலையிலேயே உச்சிக்குக் கூட்டிப்போனால் என்ன? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.


தொலைவில்லைக்காரன் | ஜனவரி 5, இரவு 10.25

நீங்கள் ஏமாறவில்லை. திசையைத்தான் யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை.

வரைபடத்தை விரித்துப் பாருங்கள். கேதார்காந்தாவிலிருந்து சுவர்க்காரோகிணியும் பந்தர்பூஞ்சும் ஏறக்குறைய நேர் கிழக்கில், முப்பது கிலோமீட்டருக்கும் மேலான தூரத்தில் இருக்கின்றன. நமக்குத் தெரிவது அவற்றின் மேற்கு முகம். டிசம்பரில் சூரியன் தென்கிழக்கில், அந்தச் சிகரங்களுக்குச் சற்று வலப்புறம் உதிக்கிறது. காலையில் மேற்கு முகத்தில் வெயில் எப்படி விழும்? மாலையில் சூரியன் நம் முதுகுப் பக்கம் தென்மேற்கில் இறங்கும்போது அதே முகத்தில் நேராக அடிக்கிறது. தாழ்ந்த வெயில் காற்று மண்டலத்தில் நெடுந்தூரம் ஊடுருவி வருவதால் நீலம் வழியிலேயே சிதறிப்போய்ச் சிவப்பு மட்டும் மிஞ்சுகிறது. 6,252 மீட்டர் உயரமுள்ள சுவர்க்காரோகிணிக்கும், 6,316 மீட்டர் பந்தர்பூஞ்சுக்கும் நம்மைவிட நேரம் கழித்தே பொழுது சாயும். முகாமில் இருட்டு, அங்கே தணல் என்று நீங்கள் பார்த்ததன் கணக்கு இவ்வளவுதான்.

ஆனால் காலை உச்சியும் வீணில்லை. நான் 2019இல் போனபோது ஒரு முதிய வழிகாட்டி என் தோளைப் பிடித்துத் திருப்பினார். எல்லோரும் கிழக்கே பார்த்துக் கத்திக்கொண்டிருந்த நேரத்தில் மேற்கே பார்த்தேன். சூரியன் வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால் அடிவானத்தை ஒட்டி ஒரு கருநீலப் பட்டை, அதன்மேல் ரோஜா நிறத்தில் இன்னொரு பட்டை. அந்தக் கருநீலம் பூமியின் நிழல். சூரியன் ஏற ஏற அது கீழே அமிழ்கிறது. பிறகு நாம் நிற்கிற மலையின் நிழலே இமாசலப் பக்கத்து மலைகள்மேல் முக்கோணமாக நீண்டு விழுகிறது. மலை எந்த வடிவில் இருந்தாலும் நிழல் முக்கோணமாகத்தான் தெரியும். நெடுந்தூரம் ஓடும் ரயில் தண்டவாளம் ஒரு புள்ளியில் கூடுவதுபோலத் தோன்றுகிறதே, அதே கதைதான். அந்த முக்கோணத்தின் நுனியில் எங்கோ நானும் ஒரு புள்ளியாக இருக்கிறேன் என்று நினைத்தபோது உண்மையிலேயே கால் கூசியது.

இன்னொரு விஷயம், படம் எடுப்பவர்களுக்கு. பனியைப் பார்த்ததும் கேமரா பயந்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும், வெள்ளையெல்லாம் சாம்பலாக வரும். வெளிச்சத்தை ஒன்று, ஒன்றரைப் புள்ளி கூட்டி வையுங்கள். பேட்டரியை இரவில் உறக்கப்பைக்குள் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். வெளியே விட்டால் காலையில் காலியாக இருக்கும்.


பழைய சிப்பாய் | ஜனவரி 6, காலை 5.50

மேட்டுப்பாளையத் தம்பிக்கு.

மாலையில் உச்சிக்குக் கூட்டிப்போகலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். கூட்டிப்போகாததற்கு உங்கள் வழிகாட்டிக்கு நன்றி சொல்லுங்கள். இருட்டில் கிளம்புவது சூரியோதயத்துக்காக மட்டும் என்று நினைத்துவிட்டீர்கள். இரவில் பனி இறுகிக் கிடக்கும், பூட்ஸில் மாட்டிய இரும்பு முள் நன்றாகக் கவ்வும். பத்து மணிக்கு மேல் வெயில் பட்டதும் மேல்பரப்பு இளகும். வைத்த கால் முழங்கால்வரை உள்ளே போகும், இழுத்தால் பூட்ஸ் அங்கேயே நிற்கும். மதியத்துக்கு மேல் மலையில் மேகமும் காற்றும் எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. ஐந்தரைக்கு அஸ்தமனம் பார்த்துவிட்டு, வேர்த்த உடம்போடு இருட்டில் அந்தச் சரிவில் இறங்குவது எனக்கே பிடிக்காத வேலை. நான் வடக்கே ஆறு குளிர்காலம் இருந்தவன்.

காட்சி காட்சி என்கிறீர்கள். அங்கே எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. இரவு படுக்கும் முன் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் விரலை மற்றவர் அழுத்தி அழுத்திப் பார்ப்போம், கை, கால் இருபது விரலையும். அழுத்திய இடத்தில் நிறம் திரும்புகிறதா, தொட்டால் தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே எண்ணுவோம். கல்யாண வீட்டில் மொய் எண்ணுவது மாதிரி இருக்கும், ஆனால் யாரும் சிரிக்க மாட்டார்கள். பனிமலையில் நான் அதிகம் பார்த்த காட்சி அடுத்தவன் கால்விரல்தான். உங்கள் பெருவிரல் ஆறு நாளாக மரத்திருக்கிறது என்கிறீர்கள். முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள், இந்த விவாத இழை எங்கும் ஓடிவிடாது.

கறுப்புக் கண்ணாடியை யாரும் சொல்லவில்லை. புதுப் பனி வெயிலின் புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைத் திருப்பி அடிக்கும், உயரம் கூடக் கூட அந்தக் கதிரும் கூடும். கண்ணாடி இல்லாமல் ஒரு பகல் நடந்தவன் இரவில் கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோலத் துடிப்பான். நான் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன்.


அரைக்கிழவர் | ஜனவரி 6, காலை 8.15

வயது 58, ஊர் மதுரை. ரத்த அழுத்தத்துக்கு ஒரு வேளை மாத்திரை. முழங்கால் பரவாயில்லை, வாரம் ஒருமுறை அழகர்மலையில் நூபுர கங்கைவரை நடக்கிறேன். வாழ்நாளில் பனி விழுந்து பார்த்ததில்லை. ஃபிரிட்ஜில் சுரண்டியதோடு சரி. போகலாமா, அல்லது பேரனோடு கொடைக்கானலில் மக்காச்சோளம் தின்றுவிட்டு வருவது உத்தமமா? வீட்டில் இரண்டாவதுதான் என்கிறார்கள்.


செவ்வந்தி | ஜனவரி 6, பகல் 1.05

ஐயா, நான் உச்சிவரை போகாதவள். அதனால் என் பதில் உங்களுக்கு உதவலாம்.

ஜூடா கா தாலாப் கரையில் முதல் இரவே எனக்குத் தலைவலி, விடிந்ததும் வாந்தி. அந்த ஏரி 9,100 அடிதான். அவ்வளவு குறைந்த உயரத்தில் வருமா என்று வாதாடிப் பார்த்தேன். சிலருக்கு வரும் என்று சொல்லிவிட்டு வழிகாட்டி என் பையைத் தனியே எடுத்து வைத்தார். மற்றவர்கள் மேலே போனார்கள். உதவியாளர் ஒருவர் துணையோடு நான் தேநீர்க் கடைத் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்தேன். முதல் ஒரு மணி நேரம் அழுகைதான், மறைக்கவில்லை. தலைவலி விடாவிட்டால் பகலிலேயே கீழே இறங்குவது என்று பேச்சு. பதினொரு மணிக்குள் விட்டுவிட்டது, மாலைவரை அங்கேயே இருந்தேன்.

அந்த ஏரி ஊர்க் கோவில் தெப்பக்குளம் அளவுதான் இருக்கும். சிவனின் சடையிலிருந்து சொட்டிய நீரில் உண்டானது என்பார்கள், ஜூடா என்றால் கொண்டை. முழுவதும் உறைந்திருந்தது. கடைக்கார அம்மா கோடரியால் கரையோரம் கொத்தி, பாளம் பாளமாகப் பனிக்கட்டியைப் பானையில் போட்டுத் தேநீருக்குத் தண்ணீர் காய்ச்சினார். ஒன்பது மணிக்கு மேல் மரங்களின் தலையில் வெயில் பட்டது. கிளைகள் சுமந்திருந்த பனி ஒவ்வொன்றாக விழத் தொடங்கியது. "தொப்" என்று ஒன்று, கொஞ்ச நேரம் அமைதி, வேறொரு பக்கம் இன்னொரு "தொப்". காட்டுக்குள் யாரோ நடப்பதுபோலவே இருந்தது. வெயில் ஏறியதும் ஏரி பேசியது. உறைந்த பரப்புக்கு அடியில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நீண்ட உறுமல் ஓடும். முதல் முறை நான் துள்ளி எழுந்ததைப் பார்த்து அந்த அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் இருக்கிறது. வெப்பம் மாறும்போது பனிக்கட்டி விரிந்து கீறல் விடுகிற ஓசையாம்.

இன்னும் ஒன்று. உறைந்த பரப்பில் கருவாலி மர இலைகள் அங்கங்கே கிடந்தன. ஒன்றை எடுக்கக் குனிந்தேன், வரவில்லை. அது கிடந்தது அதே வடிவத்தில் ஒரு குழிக்குள். காய்ந்த இலை கறுப்பு, பனிக்கட்டி வெள்ளை. வெயிலை இலை குடித்துச் சூடாகி, தன் அடியில் இருக்கிற பனியை மட்டும் உருக்கிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கியிருக்கிறது. ஓரத்துப் பல் ஒவ்வொன்றும், காம்பும்கூட அச்சில் வார்த்தது போலக் குழியில் தெரிந்தன. நகத்தால் நெம்பி ஒன்றை வெளியே எடுத்தேன். கையில் ஓர் இலை, தரையில் கண்ணாடியில் ஓர் இலை. அன்று பகல் முழுவதும் இதே வேலைதான். மேலே போனவர்கள் திரும்பி வந்து "நீ எதையெல்லாம் விட்டுவிட்டாய் தெரியுமா" என்றார்கள். நானும் அதையே கேட்கலாம் என்று நினைத்து, கேட்காமல் விட்டேன்.

ஆகவே ஐயா, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு போங்கள். உச்சி கிடைக்காவிட்டால் முடிந்துபோயிற்று என்ற எண்ணத்தோடு மட்டும் போகாதீர்கள்.


உச்சிப்பிள்ளை | ஜனவரி 6, மாலை 6.30

எல்லோரும் சேர்ந்து உச்சியை இப்படி ஒதுக்கினால் எப்படி? இலைக்குழி அழகுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "இருட்டு ஏற்றம் எதற்கு" என்ற கேள்விக்கு இன்னும் ஒரு பதில் இருக்கிறது. இருட்டுக்காகவே.

நான் போன இரவில் நிலா இல்லை. அடிவார முகாம் தாண்டி மரங்கள் முடிந்ததும் வழிகாட்டி எல்லோர் விளக்கையும் ஒரு நிமிடம் அணைக்கச் சொன்னார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பனி தெரிந்தது. விண்மீன் வெளிச்சத்திலேயே வெள்ளைச் சரிவு முழுவதும் தெரிகிறது ஐயா! திருவாதிரை மீன் மேற்கே சாய்ந்துகொண்டிருந்தது. மார்கழியில் கோலம் போடும் நேரத்தில் எங்கள் அம்மா காட்டித்தருகிற அதே சிவப்பு மீன். கீழே பள்ளத்தாக்கில் நாலைந்து ஊர் விளக்கு. காலடியில் பனி நறநறவென்கிறது, அதைத் தவிர மூச்சு ஓசைதான். மேட்டுப்பாளையத்தார் முன்னால் போனவரின் குதிகாலை மட்டும் பார்த்தார் என்றால் அது மலையின் குற்றமா?


மேட்டுப்பாளையத்தான் | ஜனவரி 6, இரவு 7.10

உச்சிப்பிள்ளை அவர்களே, உங்களோடு எத்தனை பேர்? எங்கள் அன்றைய கூட்டத்தில் முந்நூறுக்குக் குறையாது என்று வழிகாட்டியே சொன்னான். டிசம்பர் 25 முதல் புத்தாண்டுவரை அப்படித்தானாம். விளக்கை அணைத்தால் பின்னால் வருகிறவர் என் முதுகில் ஏறியிருப்பார். இரண்டு பேர் ஒலிபெருக்கி கொண்டுவந்திருந்தார்கள். உச்சியில் நூடுல்ஸ் காகிதம் பனியில் பாதி புதைந்து மஞ்சள் மஞ்சளாகத் தெரிந்தது. கைக்கு எட்டியதைப் பொறுக்கிப் பைக்குள் போட்டேன், அதற்குள் கை விறைத்துவிட்டது.

சிப்பாய் ஐயா சொன்ன காரணம் எனக்குத் தெரியாது. மாலை ஏற்றம் என்ற யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். விரலையும் இன்று காட்டினேன். குளிரில் நரம்பு கொஞ்சம் நைந்திருக்கிறது, சரியாகச் சில வாரம் ஆகலாம் என்றார் மருத்துவர்.


உச்சிப்பிள்ளை | ஜனவரி 6, இரவு 7.45

நாங்கள் பதினோரு பேர், ஜனவரி நடுவில், வார நாள். சரி, வாதத்தில் பாதியை விட்டுக்கொடுக்கிறேன். கிறிஸ்துமஸ் வாரத்தில் யாரும் போகாதீர்கள்.


மட்டுறுத்துநர் | ஜனவரி 6, இரவு 8.00

பயண நிறுவனங்களின் பெயரைக் குறிப்பிட்ட இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. விலை விசாரணை தனிச் செய்தியில்.


கூத்துமேடை | ஜனவரி 6, இரவு 10.10

சற்று விலகிய செய்தி, மன்னிக்கவும். தொலைவில்லைக்காரர் "திரும்பி மேற்கே பாருங்கள்" என்றதும் எனக்கு நேட்வார் நினைவு வந்துவிட்டது. சாங்க்ரிக்குச் சற்று முன்னால், ரூபின், சூபின் என்ற இரண்டு ஆறுகள் கூடி டோன்ஸ் ஆறாகிற ஊர். அங்கே போக்கு தேவதா என்ற சாமிக்குக் கோவில் இருக்கிறது. அந்தச் சாமியை யாரும் நேரே பார்ப்பதில்லை. பூசாரியும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் பூசை செய்வார். கேதார்காந்தா சூரியோதயத்துக்கும் அந்த முறைதான் சரிபோலும்.

எனக்கு அதைவிட வியப்பு துரியோதனன். சாங்க்ரிக்கு மேலே ஜாகோல் பக்கத்தில் அவனை வணங்கிய மரபு உண்டு. இப்போது சோமேஸ்வரர் என்றே சொல்கிறார்கள். நான் பிறந்தது விழுப்புரம் மாவட்டம். எங்கள் திரௌபதியம்மன் கோவிலில் படுகளத்தன்று மண்ணால் துரியோதனனைப் படுக்கவைத்துத் தொடையைப் பிளப்போம். அதற்கு மண் சுமந்தவன் நான். அவனுக்கும் வேண்டியவர்கள் இருக்கிற ஊரில் போய் "எங்கள் ஊரில் என்ன செய்வோம் தெரியுமா" என்று எப்படிச் சொல்வது? ராஜ்மாவைச் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். பாண்டவர்கள் சுவர்க்கத்துக்கு ஏறிய வழி என்று சொல்லப்படும் சுவர்க்காரோகிணி அந்த ஊருக்கு எதிரிலேயே நிற்பது தனி வேடிக்கை.


அரைக்கிழவர் | ஜனவரி 7, காலை 7.20

இரவு முழுவதும் இழையை இரண்டு தடவை படித்தேன். செவ்வந்தி மகளுக்கு நன்றி. சந்தேகங்கள் இன்னும் உண்டு. கிறிஸ்துமஸ் வாரம் வேண்டாம் என்றால் எப்போது? வானம் தெளிவாக இருக்கும் என்று முன்கூட்டித் தெரியுமா? குளிர் எவ்வளவு? பிறகு ஒரு சின்ன ஐயம்: பனி என்றால் எனக்கு மார்கழியில் துண்டைத் தலையில் கட்டவைக்கிற சமாசாரம். புல்லில் இருப்பதும் பனி, ஊட்டியில் புல்லை வெளுக்கவைப்பதும் பனி, இமயத்தில் மூன்றடி கிடப்பதும் பனி. வழிகாட்டி "இன்று பனி" என்றால் எதைச் சொல்கிறான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?


தொலைவில்லைக்காரன் | ஜனவரி 7, காலை 9.00

கடைசிக் கேள்விக்கு முதலில். நம்மிடம் இருப்பது ஒரே சொல், வேலை மட்டும் நாலு. அவன் இந்தியில் "பர்ஃப்" என்றால் விழுந்து கிடப்பது, "பாலா" என்றால் ஊட்டியில் புல்லை வெளுக்கவைக்கிற உறைபனி, "கோஹ்ரா" என்றால் கண்ணை மறைக்கும் மூடுபனி. மூன்றாவதைக் கேட்டால் மட்டும் கவலைப்படுங்கள்.

எப்போது என்றால், பிப்ரவரி பிற்பாதி என் தேர்வு. பனி நன்றாகச் சேர்ந்திருக்கும், பகலும் நீண்டிருக்கும், கூட்டம் குறைந்திருக்கும். வானிலை அறிக்கையில் மேற்கத்திய இடையூறு என்று ஒன்று வரும். மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி ஈரத்தோடு கிழக்கே நகர்ந்து வருவது. இமயத்தின் இந்தப் பகுதிக்குக் குளிர்காலப் பனியைக் கொண்டுவருவது அதுதான். அது கடந்துபோன மறுநாளோ அதற்கடுத்த நாளோ தூசு கழுவிய வானம் கிடைக்கும். அன்று காலை பத்து மணிக்குக்கூடத் தலைக்கு மேலே வானம் கருநீலமாக இருக்கும். பனியில் விழுகிற மரநிழல் நீலமாகத் தெரியும், ஏனென்றால் அந்த நிழலுக்குள் வருவது வானத்தின் ஒளி மட்டும்தான். படத்தில் வருகிறபோது நிறம் கூட்டியதாக எல்லோரும் சந்தேகப்படுவார்கள்.

முகாமில் இரவில் பூச்சியத்துக்குக் கீழே பத்து டிகிரிக்குப் போவது சாதாரணம், சில இரவுகளில் அதற்கும் கீழே. காற்று சேர்ந்தால் கணக்கு வேறு.

உச்சிக்கு எல்லோரும் மூன்று மணிக்குக் கிளம்பினால், நாலரைக்குக் கிளம்ப முடியுமா என்று உங்கள் வழிகாட்டியைக் கேளுங்கள். கூட்டம் இறங்கத் தொடங்கும்போது நீங்கள் மேலே போய்ச் சேர்வீர்கள். எட்டரை ஒன்பதுக்குச் சிகரங்களின் தெற்குப் பக்கத்தில் வெயில் பக்கவாட்டில் விழுந்து மடிப்புகள் தெரியத் தொடங்கும். பனி இளகும் முன் இறங்கிவிடலாம். சிப்பாய் ஐயா சரி என்றால் சரி.


பழைய சிப்பாய் | ஜனவரி 7, பகல் 12.30

நாலரை சரி. ஒன்பதரைக்குமேல் உச்சியில் நிற்கக் கூடாது. வழிகாட்டி வேண்டாம் என்றால் வேண்டாம்தான், பேரம் பேசக் கூடாது.

மதுரை ஐயாவுக்குச் சில சொற்கள். பருத்தி பனியன், ஜீன்ஸ் இரண்டையும் வீட்டில் விட்டுவிடுங்கள். வேர்வையில் நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தோலோடு ஒட்டிய மெல்லிய செயற்கை இழை அல்லது கம்பளி, அதன்மேல் கனத்த கம்பளி, மேலே காற்றும் தண்ணீரும் புகாத சட்டை. ஏறும்போது ஒன்றைக் கழற்றுங்கள், நின்றதும் போடுங்கள். சோம்பல் பட்டால் அங்கேதான் சளி பிடிக்கும். காலுறை மூன்று ஜோடி, இரவில் போடுவதற்கென்று ஒரு ஜோடியை நடக்கும்போது தொடவே கூடாது. தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். உறைவது மேற்பக்கத்திலிருந்து, வாய் அடைக்காது. மலை உயரத்துக்கு மாத்திரை எடுப்பதா என்பதை மருத்துவர் சொல்லட்டும், கூட வருகிறவர் கொடுப்பதை வாங்கிப் போடாதீர்கள். தலைவலி, வாந்தி, நடையில் தள்ளாட்டம் வந்தால் மேலே ஓர் அடியும் வேண்டாம். தள்ளாட்டம் என்றால் அப்போதே கீழே இறங்க வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

கேதார்காந்தா சுலபம், ஆரம்பகட்டம் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். 2024 ஜூனில் சஹஸ்ரதால் பாதையில் புயலில் மாட்டிக் கர்நாடகத்திலிருந்து போனவர்கள் ஒன்பது பேர் இறந்தார்கள். அதுவும் உத்தரகாசிப் பக்கம்தான். அது இதைவிட உயரமான, கடினமான பாதை, ஒப்பிடவில்லை. ஆனால் அது ஜூன் மாதம்.


செவ்வந்தி | ஜனவரி 7, மாலை 4.40

சிப்பாய் ஐயா எழுதியதைப் படித்தால் கொடைக்கானல் மக்காச்சோளமே மேல் என்று தோன்றுகிறது. மதுரை ஐயா பயந்துவிடாதீர்கள். சாங்க்ரியிலேயே இரண்டு நாள் தங்கினாலும் போதும். மரவீடுகள், ஓரத்தில் தொங்கும் பனிக்கூரிகள், மாலையில் அங்கிருந்தும் சுவர்க்காரோகிணி சிவப்பதைப் பார்க்கலாம். திண்ணையில் கம்பளி போர்த்திக்கொண்டு.


பழைய சிப்பாய் | ஜனவரி 7, மாலை 5.15

பயமுறுத்த எழுதவில்லை மகளே. நல்ல காட்சியே பார்த்ததில்லையா என்று வீட்டில் பேத்தி கேட்டாள். ஒன்று உண்டு. ஒரு முறை இரண்டு நாள் புயலுக்குப் பிறகு விடிந்தது. காவல் மாற்றிக்கொள்ள வெளியே வந்தேன். காற்று நின்றிருந்தது. அந்தரத்தில் வைரப்பொடி தூவியதுபோலக் காற்றிலிருந்த ஈரமே மணி மணியாக உறைந்து வெயிலில் மினுங்கியபடி இறங்கியது. வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. எனக்கு முன்னால் காவலில் நின்றவன் சேலத்துக்காரன். "அண்ணே, ஜிகினா விழுகிறது" என்றான். பிறகு உள்ளே போய் அவன் விரலை எண்ணினோம், எல்லாம் இருந்தன.


மேட்டுப்பாளையத்தான் | ஜனவரி 7, இரவு 9.30

ஜிகினா! அவர் சொன்னதைவிட நல்ல சொல் எனக்குக் கிடைக்காது.

நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன், வீட்டில்தான் இன்னும் சொல்லவில்லை. பிப்ரவரி கடைசி வாரம், வார நாளாகப் பார்த்து மறுபடியும் போகிறேன். வெள்ளியங்கிரி ஏழாம் மலை ஏறியவனுக்குக் கால் பயமில்லை, விரல்தான் பயம். அதற்குள் அதுவும் சரியாகிவிடும் என்கிறார்கள், மருத்துவர் சரி என்றால்தான் டிக்கெட். இந்தத் தடவை அடிவார முகாமில் இரண்டு இரவு. முதல் நாள் மாலை ஐந்து மணிக்கு சூப் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அந்த மரம் விலகிய இடத்தில் கைபேசியோடு நிற்கப் போகிறேன். உச்சிக்கு நாலரை. போகும் வழியில் ஏரியில் இலை தேட வேண்டும். மனைவியும் வருவதாக இருந்தால் நல்லது, மொட்டை மாடிக் கேலிக்கு அவளே வந்து பதில் பார்த்துக்கொள்ளட்டும்.

மதுரை ஐயா, அதே தேதிக்கு வருகிறீர்களா? டேராடூனிலிருந்து ஜீப்பைப் பகிர்ந்துகொள்ளலாம்.


அரைக்கிழவர் | ஜனவரி 8, காலை 6.45

வருகிறேன், மருத்துவர் சரி என்றால். நாளை மறுநாள் இதயப் படம் எடுக்கச் சொல்லியிருக்கிறார். பேரன் ஏரி இலையில் ஒன்று கொண்டுவரச் சொல்கிறான், பனிக்குழியோடு வேண்டுமாம். பூட்ஸ் வாங்கிவிட்டேன், வீட்டுக்குள் போட்டு நடந்து பழகுகிறேன், கீழ்வீட்டுக்காரர் வந்து என்ன சத்தம் என்று கேட்டுவிட்டுப் போனார். முழங்காலுக்குக் கீழே பனி உள்ளே போகாமல் மாட்டுவார்களாமே, கெய்ட்டர், அது மதுரையில் எந்தக் கடையிலும் இல்லை. இரவல் கிடைக்குமா?


செவ்வந்தி | ஜனவரி 8, காலை 7.05

என்னிடம் ஒரு ஜோடி சும்மா கிடக்கிறது ஐயா. இடது காலில் ஜிப் கொஞ்சம் மல்லுக்கு நிற்கும், மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் ஓடும். முகவரியைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள்.